கேப்புக்கு வாரண்டி உண்டு, பல்லுக்கு இல்லை

கேள்வி: எனக்கு 52 வயது. ஐந்து மாதங்களுக்கு முன் வலது பக்கம் கீழே கடைசிக் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டேன். உடனே பல்லுக்கு மேல் கேப் (உறை) போடச் சொன்னார்கள். கையில் பணம் இல்லாததால் தள்ளிப் போட்டுவிட்டேன். இப்போது வலி கொஞ்சமும் இல்லை. ஒரு கிளினிக்கில் 4,000 ரூபாய் கேட்கிறார்கள். இன்னொன்றில் 15 வருட வாரண்டி அட்டையோடு 14,000 ரூபாய். உறவினர் ஒருவர், தனக்குத் தெரிந்த லேப்காரர் வீட்டுக்கே வந்து அளவெடுத்து 2,000 ரூபாய்க்குப் போட்டுவிடுவார் என்கிறார். கேப் அவசியம்தானா? எதைப் போடுவது? எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு. – கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அவசியம்தான் அம்மா. வலி இல்லை என்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேர் சிகிச்சையில் பல்லின் நரம்பையே எடுத்துவிடுகிறோம். அதனால் இனி அந்தப் பல்லுக்குள் சொத்தை பரவினாலும் பல் கூசாது, எச்சரிக்காது. உள்ளே கெட்டு, ஈறு வீங்கிய பிறகுதான் தெரியவரும்.

வேர் சிகிச்சை செய்த பல் காய்ந்து உதிரும் என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் அது இல்லை. சொத்தை தின்றது போக மீதியிருக்கும் பல்லின் நடுவில் துளையிட்டுத்தான் நரம்புக்குப் போகிறோம். சுற்றுச்சுவர் மட்டும் நிற்கும். சாப்பாட்டைக் கடித்து அரைக்கும் அழுத்தம் முழுவதும் கடைவாயில்தான் விழுகிறது. அந்த அழுத்தத்தில் சுவர், விறகு பிளப்பது போல மேலிருந்து கீழாகப் பிளக்கும். பிளவு வேர் வரை இறங்கிவிட்டால் அந்தப் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. கேப் அந்தச் சுவர்களைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. சில வாரங்களுக்குள் போட்டிருக்க வேண்டியது, உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஆகவே முதலில் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். துளையை அடைத்த சிமெண்ட் உதிர்ந்து எச்சில் உள்ளே இறங்கியிருந்தால், வேர் சிகிச்சையையே மறுபடி செய்ய வேண்டி வரலாம். எக்ஸ்ரே பார்க்காமல் அன்றைக்கே பல்லை ராவ ஆரம்பிக்கும் இடத்தில் உட்காராதீர்கள்.

இப்போது அந்த 2,000 ரூபாய்க்காரர் விஷயம். வேண்டவே வேண்டாம். கேப் செய்வது லேப் தொழில்நுட்பரின் வேலை, நல்ல தொழில்நுட்பரின் கைவேலையை நான் மதிக்கிறேன். ஆனால் பல்லை ராவுவதும் வாயில் அளவெடுப்பதும் பல் மருத்துவரின் வேலை. 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர்கள் சட்டமே இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்தது. வீட்டுக்கு வருகிறவரிடம் எக்ஸ்ரே கிடையாது, கருவிகளைச் சுத்திகரிக்கும் வசதி கிடையாது. அதைவிட மோசம், இப்படி வருகிறவர்களில் சிலர் கேப் என்ற பெயரில் பல் நிற அக்ரிலிக் மாவைக் குழைத்து, பக்கத்துப் பற்களோடு சேர்த்து அப்பிவிட்டுப் போகிறார்கள். அடியில் ஈறு அழுகும். ஒரு பல்லுக்காகப் போய் மூன்று பல்லை இழந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். இது வருடக் கணக்கில் ஊரறிய நடக்கிறது, தடுக்க வேண்டியவர்கள் புகார் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். புகார் கொடுக்கப் போகிறவருக்கு எந்த அலுவலகம் என்றுகூடத் தெரியாது!

அடுத்தது வாரண்டி அட்டை. அட்டையின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். கேப் உடைந்தால், விரிசல் விட்டால் வேறு கேப் செய்து தருவோம் என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். டாக்டரின் ஃபீஸ் அதில் சேராது. நல்ல சிர்கோனியா (பல் நிறத்தில் இருக்கும் கடினமான பீங்கான் வகை) கேப் சுலபத்தில் உடைவதும் இல்லை. கெட்டுப்போவது அதற்குள் இருக்கும் உங்கள் பல். கேப்பும் பல்லும் சேரும் ஓரத்தில் இடைவெளி இருந்தால் அங்கே அழுக்குச் சேர்ந்து சொத்தை உள்ளே நுழையும். அதற்கு எந்த நிறுவனமும் வாரண்டி தராது. ஓரம் சரியாகப் பொருந்திய 4,000 ரூபாய் கேப், ஓரம் தூக்கிய 14,000 ரூபாய் கேப்பைவிட நீண்ட நாள் வரும். அட்டை வாங்கினால், அதில் உள்ள எண்ணை, அட்டை தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் அடித்துப் பாருங்கள். உங்கள் கேப்பின் விவரம் வரவில்லை என்றால் அது வெறும் அச்சடித்த காகிதம்.

சரி, எந்தக் கேப்? நீங்கள் விசாரித்த 4,000 ரூபாய் அநேகமாக உலோகத்தின் மேல் பீங்கான் பூசியதாகவும், 14,000 ரூபாய் சிர்கோனியாவாகவும் இருக்கும். இரண்டுமே கடைவாய்க்குத் தாங்கும். ஆனால் உங்கள் பல் கடைசிப் பல் என்பதால், மூன்றாவதாக ஒன்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்: முழு உலோகக் கேப். வெள்ளிநிறத்தில் இருக்கும், விலை பெரும்பாலும் எல்லாவற்றையும்விடக் குறைவு. நிறைய பேர் ‘இரும்புப் பல்லா?’ என்று முகம் சுளிக்கிறார்கள். கீழே கடைசியில் இருக்கும் பல்லைச் சிரிக்கும்போது யார் பார்க்கப் போகிறார்கள்? அந்தப் பல் பல பேருக்குக் குட்டையாக இருக்கும். பீங்கான் பூசிய கேப்புக்குக் கடிக்கும் பரப்பில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை ராவ வேண்டும். குட்டைப் பல்லில் அவ்வளவு ராவினால் கேப் பிடித்துக்கொள்ள உயரமே மிஞ்சாது, அடிக்கடி கழன்று வரும். முழு உலோகத்துக்கு ஒரு மில்லிமீட்டர், கொஞ்சம் கூடுதல், அவ்வளவு போதும். உதிர அதில் பீங்கானும் இல்லை, எதிர்ப்பல்லையும் அதிகம் தேய்க்காது. இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும் இது நல்லது. பல் குட்டையா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆமாம் என்றால், முழு உலோகக் கேப் போட முடியுமா என்று நீங்களே கேளுங்கள். பல கிளினிக்குகளில் இதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், லாபம் குறைவு என்பதால். எனக்கு இதில் ரொம்ப நாளாகவே வருத்தம் உண்டு.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். விலை குறைந்த உலோகங்களில் நிக்கல் கலந்திருக்கும். கவரிங் தோடு போட்டால் உங்கள் காது அரித்துப் புண்ணாகுமா? ஆகும் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிக்கல் இல்லாத கோபால்ட்-குரோமியம் உலோகத்திலோ சிர்கோனியாவிலோ செய்துகொள்ளலாம். எந்தப் பொருள், எந்த லேப் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். செருப்பு வாங்கினால்கூடக் கம்பெனி பெயரோடு பில் தருகிற நாட்டில், பத்துப் பன்னிரண்டு வருடம் வாயில் இருக்கப்போகிற பொருளுக்கு ‘பல் சிகிச்சை’ என்று ஒரே வரியில் எழுதித் தருகிறார்கள்.

இரண்டு தடவை போக வேண்டியிருக்கும். முதல் நாள் பல்லை ராவி, அளவெடுத்து, தற்காலிகக் கேப் வைப்பார்கள். பக்கத்துப் பல்லையும் சேர்த்துப் போட்டால் உறுதியாக இருக்கும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நல்ல பல்லை ராவினால் அது திரும்ப வளராது. இரண்டாவது நாள், ஒட்டும் முன்பு வெறுமனே பொருத்தி, கடித்துப் பார்க்கச் சொல்வார்கள். நீல நிறக் காகிதத்தை வைத்து எங்கே அதிகம் படுகிறது என்று பார்ப்பார்கள். அங்கே அவசரப்படாதீர்கள். மற்ற பற்களுக்கு முன்னால் கேப் மட்டும் தனியாகப் பட்டால், உடனே சொல்லுங்கள். ‘பழகிடும்’ என்று அனுப்பினால் நாற்காலியை விட்டு எழாதீர்கள். உயரமாக நிற்கும் கேப் பழகாது. பல்லைச் சுற்றியுள்ள எலும்பு வலிக்கும், சில நேரம் தாடை மூட்டு வரை வலி போகும். இரண்டு நிமிடம் தேய்த்துச் சரிசெய்தால் முடிகிற வேலை அது. மரத்துப்போக ஊசி போட்டிருந்தால் கடி சரியாகத் தெரியாது. மரப்பு விட்ட பிறகு வீட்டில் கவனித்து, உறுத்தினால் மறுநாளே போங்கள்.

ஒட்டிய பின் ஒரு நாள் அந்தப் பக்கம் மிட்டாய், அல்வா போன்ற ஒட்டும் பண்டம் வேண்டாம். அப்புறம் வழக்கம்போலச் சாப்பிடலாம், ஆட்டெலும்பைக் கடித்து உடைப்பதையும் கரும்பு உரிப்பதையும் தவிர. பிரஷ் பண்ணும்போது கேப்பின் மேல்பக்கத்தைவிட, ஈறைத் தொடும் ஓரத்தைத்தான் நன்றாகத் தேய்க்க வேண்டும். பல்லிடுக்குக்கென்றே சின்ன பிரஷ் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். இரவு படுக்கும் முன் ஒருமுறை அதை விட்டு எடுங்கள். கேப் கழன்றால் ஃபெவிகுவிக் போட்டு ஒட்டாதீர்கள். கழுவி ஒரு டப்பாவில் போட்டு, ஓரிரு நாளில் கொண்டுபோனால் பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓரத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உலோகமும் சிர்கோனியாவும் எக்ஸ்ரேயில் கட்டி வெள்ளையாகத் தெரியும், அடியில் உள்ள சொத்தையை மறைத்துவிடும். ஆகவே டாக்டர் கருவியால் ஓரத்தைத் தடவிப் பார்க்க வேண்டும்.

பணம்தான் தடை என்றால், பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள். மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் செய்வார்கள். நாலைந்து தடவை அலைய வேண்டியிருக்கும், ஆனால் வேலை பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். மருத்துவக் காப்பீட்டை நம்பி இருக்காதீர்கள். பெரும்பாலான பாலிசிகள் விபத்தில் பல் போனால் ஒழிய பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. வாயை உடம்போடு சேர்க்காத இந்த விதியை யார் எழுதினார்கள் என்று எனக்கு இன்னமும் கோபம்தான்.

சர்க்கரை நோய் இருப்பதால் கேப் போடக்கூடாது என்பதில்லை. காலையில் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையும் போட்டுக்கொண்டு போங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஈறு சீக்கிரம் இறங்கி, கேப்பின் ஓரம் வெளியே தெரிய ஆரம்பிக்கும். அதனால் அளவெடுப்பதற்கு முன் ஈறைச் சுத்தம் செய்துகொண்டு, ரத்தக் கசிவு நின்ற பிறகு அளவு கொடுங்கள். ஆனால் எக்ஸ்ரேயை மட்டும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.