மலைக்குப் போகும் வேனும் வங்கியில் இருக்கும் நகையும்

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 47. பிடித்தம் போகச் சம்பளம் 74,000 ரூபாய்; எல்லாச் செலவும் போக மாதம் 22,000 மிஞ்சும். 2021-இல் பழைய டிராவலர் வேன் ஒன்றைச் சேமிப்பிலிருந்து 6 லட்சத்துக்கு வாங்கி, கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, சோலார் தகடு எல்லாவற்றையும் நானே பொருத்தினேன். கொல்லிமலை, ஏற்காடு, ஜவ்வாது மலை என்று சென்ற ஆண்டு ஐந்து முறை போய் 14 இரவுகள் வேனிலேயே தங்கினோம். இந்த வேலைகளுக்காக 2022-இல் மனைவியின் 12 பவுன் நகையை 9.5 சதவீத வட்டிக்கு வைத்து 1,60,000 வாங்கினேன். அடுத்த மூன்று ஆண்டுகளிலும் திருப்பி வைத்ததில் அது 2,90,000, 3,90,000, 5,20,000 என்று ஏறிவிட்டது. நகையை மீட்க ஒரு நாள் கைமாற்று தருபவர் புதுச்சேரியில் இருக்கும் என் மைத்துனர். லித்தியம் பேட்டரியை 95,000 ரூபாய்க்கு வட்டியில்லாத் தவணையில் வாங்கிப் போட்டு, விடுமுறை நாட்களில் வேனை வாடகைக்கு விட்டால் கடன் அடைந்துவிடும் என்கிறார். மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். இரவில் தூக்கம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அவசரகால நிதி, மருத்துவக் காப்பீடு போன்றவற்றை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, உங்கள் கடிதத்திலேயே கணக்குத் தெரிந்தவரின் கை தெரிகிறது. உங்களைக் கெடுப்பது வேனும் அல்ல, மலைப் பயணமும் அல்ல. ஆண்டுதோறும் நகையை மீட்டு, அன்றைக்கே கூடுதல் தொகைக்குத் திருப்பி வைக்கும் பழக்கம்தான். மற்றதெல்லாம் அதன் பின்னால் வருவது.

நீங்கள் எழுதிய எண்களையே தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். முதல் ஆண்டு வட்டி 15,200. இரண்டாவது ஆண்டு 2,90,000 வாங்கியபோது பழைய கடனும் வட்டியும் கழிந்து கையில் வந்தது 1,15,000 மட்டுமே. அடுத்த முறை 72,000, கடைசியாக 93,000. நான்கு முறையும் சேர்த்து வேனுக்குப் போனது 4,40,000 ரூபாய். மீதி 80,000 ரூபாய் வட்டி, அதுவும் உங்கள் சம்பளத்திலிருந்து போகாமல் புதுக் கடனிலிருந்தே போயிருக்கிறது. வட்டிக்கு வட்டி ஏறுவதை நீங்கள் உணராததற்குக் காரணம் தங்கத்தின் விலை. விலை ஏற ஏற அதே 12 பவுனுக்கு வங்கி அதிகம் தருகிறது. அதை உங்கள் தகுதி உயர்ந்ததாக எடுத்துக்கொண்டீர்கள். உயர்ந்தது உங்கள் மனைவியின் சொத்து மதிப்பு. அந்த உயர்வு முழுவதும் வேனின் உளுத்த தரை பிளைவுட்டுக்கும் தீய்ந்த கிளட்ச்சுக்கும் போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் "கூலி மிச்சம்" என்று நோட்டில் எழுதி வருவதாகவும், இதுவரை அது 1,10,000 வந்திருப்பதாகவும் கடிதத்தில் பெருமையோடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் செலவாகாத கூலி வருமானம் ஆகாது. அந்தத் தொகையை வந்த பணமாக நினைத்துத்தான் அடுத்த பொருளை வாங்கியிருக்கிறீர்கள். தொழிற்சாலையில் பராமரிப்புக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே தொகை ஒதுக்கி, அதற்குள்தானே வேலை பார்க்கிறீர்கள்? வீட்டில் மட்டும் பழுது முதலில் வருகிறது, பணம் பிறகு தேடப்படுகிறது.

இந்தப் பழக்கத்துக்குக் கதவும் மூடி வருகிறது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, மொத்தமாகத் திருப்பிக் கட்டும் நகைக்கடனில் சேர்ந்திருக்கும் வட்டியைச் செலுத்திய பிறகே புதுப்பிக்கவோ கூடுதல் தொகை பெறவோ முடியும். மைத்துனரின் ஒரு நாள் கைமாற்றால் அதைத் தாண்டிவிடலாம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். அந்தக் கைமாற்றுக்கு வட்டி இல்லை என்கிறீர்கள், இருக்கிறது. அதனால்தான் அவர் வேனைக் கேட்கும்போது உங்களால் மறுக்க முடியவில்லை, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கிளட்ச் தீய்ந்து திரும்பி வந்த வேனுக்கு 38,000 ரூபாய் நீங்களே செலவழித்தீர்கள். ஒரு நாள் கடனுக்கு இவ்வளவு வட்டி வாங்கும் கந்துவட்டிக்காரர் கடலூரில் இருக்க மாட்டார்.

இந்த ஆண்டும் சென்ற ஆண்டைப் போலவே போனால், நகைக்கடன் வட்டி 49,000, காப்பீடும் சாலை வரியும் 24,000, பழுது 93,000, ஐந்து பயணத்துக்கும் சுமார் 2,500 கிலோமீட்டருக்கு டீசல் 23,000 என ஏறக்குறைய 1,89,000 ரூபாய் ஆகும். 14 இரவுகளுக்கு வகுத்தால் ஓர் இரவுக்கு 13,500. டீசலுக்காக எல்லை தாண்டிப் புதுச்சேரியின் கன்னியக்கோவில் வரை போய் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கும் கவனம் உள்ளவர் இந்த வகுத்தலை ஒருமுறைகூடச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

லித்தியம் பேட்டரி இப்போதைக்கு வேண்டாம். அது ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கத் தாங்கும் என்பது உண்மை. ஆண்டுக்கு 14 இரவு பயன்படுத்துபவருக்கு அதனால் என்ன பயன்? 2,000 முறை என்று வைத்துக்கொண்டாலும் அதைத் தீர்க்க 140 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்கு வெகு முன்பே வயதாகிக் கெட்டுவிடும். உங்களிடம் உள்ள 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தாலும் 900 வாட்-மணி கிடைக்கும். விளக்கு, கைப்பேசி, ஒரு சிறிய மின்விசிறி ஆகியவற்றுக்கு ஓர் இரவுக்கு 350 போதும், மலைக் குளிரில் விசிறியும் தேவைப்படாது. வட்டியில்லாத் தவணை என்ற பெயரை நம்பவும் வேண்டாம்: ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும், செயலாக்கக் கட்டணம் சேரும்.

வாடகை யோசனை ஆபத்தானது. உங்கள் வண்டிக்கு இருப்பது சொந்த உபயோகத்துக்கான வெள்ளை எண் பலகை. வாடகைக்கு ஓட்ட மஞ்சள் பலகையும், வாடிக்கையாளரே ஓட்டுவதென்றால் மஞ்சள் எழுத்துள்ள கறுப்புப் பலகையும் உரிய அனுமதியும் வேண்டும். இல்லாமல் விட்டு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும், இழப்பீடு உங்கள் வீட்டின் மேல் வந்து விழும். உள்ளே செய்த மாற்றங்கள் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அதைக் கேட்கிறது, இல்லையென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதை முதலில் சரிசெய்யுங்கள். தவிரவும் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இல்லாமல் போக முடியாது என்பதால், விடுமுறை நாளில் வாடகைக்கு வரிசை நிற்கும் என்ற கணிப்பும் அவ்வளவு உறுதியானதல்ல.

உங்கள் கைவேலையை விடச் சொல்லவில்லை, இடம் மாற்றச் சொல்கிறேன். இந்த வேன்களைக் கொல்வது கூரை வழியாக இறங்கும் நீர்தான், உங்கள் தரை பிளைவுட் உளுத்ததும் அதனால்தான். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன், ஆவணியிலேயே கூரை ஜன்னல், சோலார் தகட்டின் திருகுகள், ஓர இணைப்புகள் எல்லாவற்றையும் ஏறிப் பாருங்கள். பழைய சிலிக்கான்மேல் புதிய சிலிக்கான் ஒட்டாது. முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள். 2,000 ரூபாய் வேலை, 70,000 ரூபாய்ச் செலவைத் தடுக்கும். கடற்கரையான தேவனாம்பட்டினம் பக்கம் நிறுத்துவதால் அடிப்பாகத்தை மாதம் ஒருமுறை நன்னீரால் கழுவித் துருவைத் தேடுங்கள். டயர் அதிகம் ஓடாவிட்டாலும் மூப்படையும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் தயாரான வாரமும் ஆண்டும் இருக்கும். பிரேக்கிலும் எரிவாயுக் குழாயிலும் மட்டும் கூலி மிச்சம் பார்க்காதீர்கள். ஈரம் ஏறிய பிரேக் ஆயில் மலை இறக்கத்தில் கொதித்துவிட்டால் மிதியடி தரைக்குப் போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பட்டறையில் மாற்றிவிடுங்கள்.

இனிப் பணம். 5,20,000 ரூபாயை மூன்று ஆண்டு மாதத் தவணைக் கடனாக மாற்றித் தர உங்கள் வங்கியைக் கேளுங்கள். இதே வட்டியில் தவணை சுமார் 16,650 வரும். மிஞ்சும் 5,350-ஐ வேனுக்கென்று தனிக் கணக்கில் போட்டால் ஆண்டுக்கு 64,000 சேரும்: காப்பீடும் வரியும் 24,000, இரண்டு பயணத்துக்கு டீசல் 9,200, மீதி 30,000 டயருக்கும் பிரேக்குக்கும். ஆண்டுக்கு ஐந்து பயணம் இல்லை, இரண்டுதான். அந்தக் கணக்கில் இல்லாத பணம் கேட்கும் பழுது வந்தால், நகையைத் தொடாமல் வேனை அதே நிலையில் விற்றுவிட்டு வரும் தொகையைக் கடனில் கட்டுங்கள். மகள் கல்லூரியில் சேரும் ஆண்டிலும் இந்தத் தவணை ஓடிக்கொண்டிருக்கும், அதனால் கல்விக் கட்டணம் இந்த வரவுக்குள் அடங்காது என்று தெரிந்தால் பழுதுக்காகக் காத்திராமல் வேனை முன்பே விற்பதே நல்லது. மைத்துனரிடம் இனிக் கைமாற்று வாங்காதீர்கள். வேனைக் கேட்டால் நீங்களே ஓட்டிச் செல்வதாகவும், டீசலை அவர் போட வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

கடன் முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே வங்கிக்குப் போங்கள், மனைவியையும் உடன் அழைத்துப் போங்கள். நகை அவருடையது. அசல் குறையக் குறைய எந்தெந்த நகையை எப்போது விடுவித்துத் தருவார்கள் என்பதை அவர் முன்னிலையிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.