பதில்: கூப்பன் போட்டும் மளிகை பில் ஏறுதே, ஏன்?

சகோதரி, மூணு ஆப்ல கூப்பன் தேடித் தேடிப் போட்டும் மாச மளிகை 9,000-லிருந்து 11,000 ஆயிடுச்சுன்னு எழுதியிருந்தீங்க. எனக்கும் இதேதான் நடந்தது. "999-க்கு மேல வாங்கினா 100 தள்ளுபடி"ன்னு வரும். கூடையில 840-க்குத்தான் சாமான் இருக்கும். உடனே நூடுல்ஸ், பிஸ்கட்டுன்னு 160-க்கு அள்ளிப் போடுவேன். கட்டினது 900. கூப்பனே போடலைன்னா 840-தான்!

இப்போ ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு தாள். எது தீருதோ அன்னைக்கே எழுதிடுவோம். மாசக் கடைசியில அந்தத் தாளை வெச்சுக்கிட்டுத்தான் ஆப்பையே திறப்பேன். தாள்ல இல்லாத பொருளுக்கு எவ்வளவு பெரிய கூப்பன் வந்தாலும் தொடுறதில்லை. எந்தக் கூப்பன் என்னைக்கு முடியுதுன்னு மட்டும் போன்ல குறிச்சு வெச்சிருக்கேன்.

'ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்' எல்லாம் சோப்பு, பேஸ்ட், சலவைத்தூளுக்குச் சரி. ரவைக்கு வேண்டாம். நான் அப்படி வாங்கி, வண்டு பிடிச்சு, மொட்டைமாடியில உட்கார்ந்து சலிச்ச கதை தனி.

இன்னொண்ணு, பாக்கெட்ல எம்.ஆர்.பி. பக்கத்துல ஒரு கிராம் விலை (ஒரு கிலோவுக்கு மேல உள்ள பாக்கெட்னா ஒரு கிலோ விலை) பொடி எழுத்துல இருக்கும். பெரிய பாக்கெட்தான் மலிவுன்னு நம்பாம அதைப் பாருங்க. ஆனா அது எம்.ஆர்.பி. கணக்கு; கூப்பன் போக எவ்வளவுன்னு நீங்கதான் வகுத்துப் பார்க்கணும். டெலிவரி கட்டணத்தையும் சேர்த்துக்கோங்க. பல நாள் தெருமுனை அண்ணாச்சி கடையே மலிவா வரும்.