பறக்கத் தெரிந்த பிள்ளைகள் ஏன் காலை இழுத்து நடக்கிறார்கள்?

கேள்வி (ஒரு தாய், மதுரை): வேற்றுக்கிரகப் பிள்ளைகள் மனிதர்களோடு ஒளிந்து படிக்கும் ராஸ்வெல் கதைகள்தான் இப்போது என் மகளுக்கு எல்லாம். 1947-இல் அந்த ஊரில் பறக்கும் தட்டு விழுந்தது நிஜம் என்று சாதிக்கிறாள். நிஜமா?

பதில்: ஏதோ விழுந்தது நிஜம். ராஸ்வெல் இருக்கும் அமெரிக்க மாநிலமான நியூ மெக்சிகோவில் ஒரு பண்ணைக்காரர் தன் மேய்ச்சல் நிலத்தில் ரப்பர் துண்டுகள், வெள்ளித்தாள், குச்சிகள் சிதறிக் கிடந்ததைப் பார்த்தார். அந்த ஜூலை 8-ஆம் தேதி ராஸ்வெல் விமானப்படைத் தளமே 'பறக்கும் தட்டு கிடைத்திருக்கிறது' என்று செய்தி வெளியிட்டது. உடனே, அது வெறும் வானிலை பலூன் என்று மேலிடம் மாற்றிச் சொன்னது. அதுவும் முழு உண்மை இல்லை. சோவியத் அணுகுண்டுச் சோதனைகளின் ஓசையை உயரத்திலிருந்து ஒட்டுக்கேட்க விட்ட ரகசியப் பலூன்களில் ஒன்றாக இருக்கலாம் என்று 1994-இல்தான் விமானப்படை அறிக்கை தந்தது. 'மோகல்' என்பது அந்தத் திட்டத்தின் பெயர். இதை மகளிடம் சொல்லுங்கள். ஏமாற்றமடைய மாட்டாள். ராணுவம் எதையோ மறைத்தது என்ற அவளுடைய சந்தேகம் சரிதானே!

கேள்வி (பிளஸ் ஒன் மாணவி, சங்கரன்கோவில்): அக்கா, பூமியில் ஒளிந்து வாழும் ஒரு வேற்றுக்கிரகப் பையனைப் பற்றிக் கதை எழுதுகிறேன். அவன் கையை நீட்டினால் ஓடுகிற லாரி நின்றுவிடும். நாற்பது பக்கம் ஆகிவிட்டது. என் தோழி படித்துவிட்டு, 'நல்லாத்தான் இருக்கு, ஆனா அவன் ஒளிஞ்சிருக்கிற மாதிரியே தெரியலை' என்கிறாள். எங்கே தப்பு?

பதில்: அந்தத் தோழியைக் கைவிட்டுவிடாதே கண்ணு. சரியான இடத்தில் விரல் வைத்திருக்கிறாள். நீ அனுப்பிய ஆறு பக்கங்களை இரண்டு முறை படித்தேன். உன் பையன் நான்கு தடவை சக்தியைக் காட்டுகிறான். ஒரு தடவைகூட அதை அடக்கவில்லை.

ஜென்னா ஹெண்டர்சன் என்று அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பள்ளி ஆசிரியை இருந்தார். பூமியில் வந்து விழுந்த ஒரு வேற்றுலக மக்களைப் பற்றி 1950-களிலிருந்து கதைகள் எழுதினார். அதில் 'பாட்டேஜ்' என்ற கதையில் ஓர் ஆசிரியை ஒதுக்குப்புறமான சிற்றூர்ப் பள்ளிக்கு வேலைக்கு வருகிறாள். பிள்ளைகள் சிரிப்பதில்லை, விளையாடுவதில்லை. எல்லாரும் தரையிலிருந்து பாதத்தை எடுக்காமல், புழுதி கிளம்ப, காலை இழுத்து இழுத்து நடக்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் தெரிகிறது, அவர்களுக்கு மிதக்க வரும். முன்னோர்களை அந்தக் குற்றத்துக்காகவே ஊரார் கொன்றிருக்கிறார்கள். பாதம் தரையை விட்டு எழும்பினால் அப்படியே மேலே போய்விடுமோ என்ற பயத்தில், காலைத் தூக்கி வைக்கவே பெரியவர்கள் தடை போட்டிருக்கிறார்கள்.

பறக்கிற காட்சி கதையில் எங்கோ பின்னால் வருகிறது. எனக்கு மனதில் நின்றது அந்தப் புழுதிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்கா முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அப்படி ஒரு முகாமில் ஹெண்டர்சன் பாடம் நடத்தியிருக்கிறார். அந்நியர் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளின் முகங்களை வகுப்பறையில் தினமும் பார்த்தவர். ஏலியன் என்ற சொல்லே அந்த நாட்டுச் சட்டத்தில் வெளிநாட்டவரைத்தானே குறித்தது. ஒளிந்து வாழ்வதை அவர் எழுதும்போது ஏன் அத்தனை நெருக்கமாக இருக்கிறது என்பதற்கு நான் கண்ட காரணம் இது.

எனக்கும் கொஞ்சம் தெரியும். பதினேழு வயதில் கோவில்பட்டியிலிருந்து சென்னை விடுதிக்கு வந்தேன். 'அவுக', 'அங்கன' என்று வாயில் வந்ததைக் கேட்டு அறைத்தோழிகள் சிரித்தார்கள். ஒரே மாதத்தில் பேச்சை மாற்றிக்கொண்டேன். ஒருநாள் வார்டன் அறைக்கு அம்மா போன் செய்தார். பின்னால் நான்கு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் காதில் விழும் என்று, 'நல்லா இருக்கேன்மா, அவங்க எல்லாம் எப்படி இருக்காங்க?' என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அம்மா கேட்டார்: "ஏன் தாயி, மேலுக்குச் சரியில்லையா?"

உன் பையனுக்கு அப்படி ஒரு நிமிஷம் வேண்டும். அவனிடம் எது நழுவிவிடும், யார் அதைக் கவனிப்பார்கள் என்று யோசி. சின்னதாக இருந்தால் நல்லது. 1999-இல் தொடங்கிய ராஸ்வெல் தொலைக்காட்சித் தொடரில் வரும் மூன்று வேற்றுக்கிரகப் பிள்ளைகளும் தின்பது எதுவானாலும், இனிப்பானாலும்கூட, டபாஸ்கோ மிளகாய் சாஸை ஊற்றிக்கொள்வார்கள். தொடர் நின்றுவிடும் போலிருந்தபோது ரசிகர்கள் சேனலுக்கு அந்த சாஸ் பாட்டில்களைத்தான் தபாலில் அனுப்பினார்கள். துப்பாக்கிக் குண்டு பட்டவளை ஒரே தொடுகையில் பிழைக்க வைத்த காட்சி இருந்தும், அவர்கள் கையில் எடுத்தது சாஸ் பாட்டிலை!

லாரிக் காட்சியை அப்படியே வைத்துக்கொள். ஆனால் இந்த முறை ரோட்டில் ஓர் ஆட்டுக்குட்டி நிற்கட்டும். டீக்கடையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். உன் பையன் கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்தபடியே நிற்கட்டும். லாரி போன பிறகு அவன் வீட்டுக்கு எப்படி நடந்து போனான் என்று ஒரு பக்கம் எழுது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்பு. மற்ற முப்பத்தொன்பதை அதற்கப்புறம் பார்ப்போம்.

கேள்வி (நூலகர், கரூர்): இந்த வகை நாவல்களை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: புத்தகத்தைப் பொறுத்தது. 'ஐ ஆம் நம்பர் ஃபோர்' நாவல் வரிசையில், ஒளிந்திருக்கும் வேற்றுக்கிரகப் பிள்ளைகளுக்கு ஆளுக்கோர் எண் உண்டு; அந்த எண் வரிசைப்படி எதிரிகள் அவர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறார்கள். அதை ஒன்பதாம் வகுப்பு அலமாரியில் வையுங்கள். ஹெண்டர்சன் கதைகளைச் சின்னப் பிள்ளைகளுக்கு நீங்களே வாசித்துக் காட்டலாம். தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம்.