உத்திரத்தை மூடலாமா?

கேள்வி: குன்னூரில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கிப் புதுப்பித்து வருகிறோம். தரையிலிருந்து தளம் ஒன்பதரை அடி உயரம். கூடத்தின் குறுக்கே இரண்டு கான்கிரீட் பீம்கள் ஓரடி ஆழத்துக்கு இறங்கி நிற்கின்றன. மற்றொன்று படுக்கையறையில் இருக்கிறது. ஜிப்சம் போர்டால் ஃபால்ஸ் சீலிங் அடித்து எல்லாவற்றையும் மறைத்துவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். உத்திரத்தின் கீழே படுக்கக் கூடாது என்று மாமியார் வருத்தப்படுகிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, குன்னூர்

பதில்: மூட வேண்டாம், சகோதரி. இதே கேள்வி சமவெளியிலிருந்து வந்திருந்தால் உயரத்தையும் அழகையும் மட்டும் பார்த்துப் பதில் சொல்லியிருப்பேன். ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில், வடகிழக்குப் பருவமழையையும் மூடுபனியையும் வாங்கும் உங்கள் ஊரில் ஈரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெளிச்சுவரில் போய்ச் சேரும் பீமின் முனை வெளிக்குளிரை உள்ளே கொண்டுவருகிறது. சன்னல்களை அடைத்துவிட்டுச் சமைக்கும்போதும் வெந்நீரில் குளிக்கும்போதும் எழும் ஆவி, வீட்டிலேயே மிகக் குளிர்ந்த அந்த இடத்தில் நீராகப் படிகிறது. பீம் வெளியே தெரிந்தால் காற்றுப் பட்டு அது உலர்ந்துவிடும். போர்டுக்குப் பின்னால் காற்று நுழையாத இடத்தில் படிந்தால், ஜிப்சம் போர்டின் மேலுள்ள காகிதத்திலேயே பூஞ்சை பிடிக்கும். அது உங்கள் கண்ணில் படும்போது அறை முழுவதும் நாற்றம் பரவியிருக்கும்.

முதலில் பீமைச் சுத்தியல் பிடியால் நெடுகத் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்டாலோ, கம்பி ஓடும் திசையில் நீளவாக்கில் விரிசலோ பழுப்புக் கறையோ இருந்தாலோ உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம். அப்படியானால் அலங்காரப் பேச்சை நிறுத்திவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள்.

பூச்சைப் பெயர்த்து வெறும் கான்கிரீட்டைக் காட்டும் பாணி இப்போது பலருக்குப் பிடித்திருக்கிறது. பூசுவதற்கென்றே வார்த்த பீம்களில் அது சரிவராது. பூச்சு பிடிக்கட்டும் என்று கொத்தனார்கள் கான்கிரீட்டை முன்பே கொத்திவிட்டிருப்பார்கள். பெயர்த்தால் அந்த அம்மைத் தழும்புகள்தான் தெரியும். பழைய பெயின்டை முழுக்கச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிப்பதையே நான் விரும்புவேன். அது ஈரத்தை வெளியே விடும். அதன் காரத்தன்மையால் பூஞ்சையும் எளிதில் வளராது. ஆனால் எமல்ஷன் மேல் சுண்ணாம்பு நிற்காது என்பதால், சுரண்டும் வேலையில் கை குறையக் கூடாது. பீமுக்கும் தளத்துக்கும் ஒரே வெள்ளை இருக்கட்டும். பீமுக்கு மட்டும் அடர்நிறம் கொடுத்தால் தளம் இன்னும் தாழ்ந்து தெரியும். விளக்குகளைச் சுவரில், ஒளி மேல்நோக்கி விழும்படி பொருத்தினால், பீமின் நிழல் கீழே இறங்காமல் கூடம் உயர்ந்து தோன்றும்.

வயருக்காகப் பீமில் காடி வெட்ட எலக்ட்ரீஷியனை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். கம்பியை மூடியிருக்க வேண்டிய கான்கிரீட்டின் கனமாக, கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 சொல்வது, மிதமான சூழலுக்கே 30 மில்லிமீட்டர்தான். அந்தக் காப்பை வெட்டி எறிந்துவிட்டால் துருவுக்கு வழி திறந்துவிடும். பீமின் பக்கவாட்டில் வயரை மூடும் பிவிசி கேசிங் ஓட்டி, அதற்கும் வெள்ளை அடித்தால் போதும். ஊஞ்சல் கொக்கிக்காகத் துளையிடுவதும் வேண்டாம்.

பீம் வந்து அமரும் தூண்கள் பெரும்பாலும் சுவரைவிட முன்தள்ளி நிற்கும். அவற்றுக்கு இடையிலான பள்ளத்தில், தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தை நன்றாக உலர்த்தி அலமாரி செய்து வையுங்கள். அது வெளிச்சுவராக இருந்தால் பின்னால் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். மாமியாரின் கட்டிலைத் திருப்பிப் போட்டு, பீமுக்கு நேர்கீழே துணி அலமாரி வரும்படி செய்துவிடுங்கள். அவர் கலக்கமின்றி உறங்குவது எந்த அலங்காரத்தையும்விட முக்கியம்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பீமின் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் வருகின்றன. இது மாடி ஒழுக்கா, பனி ஈரமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: அந்த இடத்தைத் துடைத்து உலர்த்தி, ஒரு பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் அது அறையின் ஆவி. குளியலறைக்கும் அடுப்படிக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். உட்பக்கம் நனைந்தால் நீர் கான்கிரீட்டின் வழியே வருகிறது. அப்போது மாடித்தளத்தைச் சரிசெய்யாமல் பீமில் பெயின்ட் அடிக்காதீர்கள்.