கிரீஸ் தண்ணீரைத் தடுக்காது

கேள்வி: என் சிறிய கேமராவுக்கு 40 மீட்டர் ஆழம் வரை தாங்கும் பிளாஸ்டிக் ஹவுசிங் (நீர் புகாத உறை) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். இரண்டாம் முறை கடலில் இறங்கியபோது முன்கண்ணாடி உள்பக்கம் மங்கிவிட்டது. மேலே வந்து திறந்தால் அடியில் மூன்று நான்கு சொட்டுத் தண்ணீர். விற்றவரோ, "கிரீஸை நல்லா தடவுங்க, 10 மீட்டருக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்கிறார். நம்பிக் கேமராவை உள்ளே வைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கண்ணாடி மங்கியதும் சொட்டு விழுந்ததும் வேறு வேறு சங்கதிகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மங்கியது உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம். கேமரா சூடாகும், கடல்நீர் கண்ணாடியைக் குளிரவைக்கும், ஈரம் அங்கே போய்ப் படியும். ஏ.சி. அறையில் உலர்ந்த கையோடு மூடி, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் போதும். பொட்டலம் ஓ-ரிங்கில், அதாவது மூடியின் பள்ளத்தில் உட்கார்ந்து நீரை அடைக்கும் ரப்பர் வளையத்தில், மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொட்டு அப்படி வராது. 30 டிகிரி வெப்பத்தில் ஈரம் முழுக்க நிரம்பிய ஒரு லிட்டர் காற்றில்கூட சுமார் 0.03 கிராம் தண்ணீர்தான் இருக்கும், அது ஒரு முழுச் சொட்டுக்குக் காணாது. உங்கள் ஹவுசிங்குக்குள் இருக்கும் காற்று அவ்வளவுகூட இல்லை. ஆகவே தண்ணீர் வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது. கடலுக்குள்ளேயே வந்ததா, நீங்கள் திறக்கும்போது வந்ததா என்பதுதான் மிச்சம். மூடியின் விளிம்பில், ஓ-ரிங்குக்கு வெளியே, எப்போதும் கொஞ்சம் நீர் தேங்கி நிற்கும். துடைக்காமல் கொக்கியைத் தூக்கினால் அது நேரே உள்ளே சொட்டும். ஒழுகுகிறது என்று பயந்து வருகிறவர்களில் பலருக்கு நடந்தது இவ்வளவுதான். உங்களுக்கும் அதுவாக இருக்கலாம். ஆனால் அப்படி நம்பிக்கொண்டு இறங்க முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

"10 மீட்டர்தானே" என்ற சமாதானம் தலைகீழானது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம்தான் ரிங்கைப் பள்ளத்தின் சுவரோடு நசுக்கி இடைவெளியை அடைக்கிறது. முதல் ஓரிரு மீட்டரில் அந்த உதவி கிடையாது, கொக்கியின் பிடி மட்டும்தான். ரிங்கின் குறுக்கே ஒரு தலைமுடி கிடந்தால் அதன் இரு பக்கமும் நூலளவு வாய்க்கால் திறந்திருக்கும், நீர் அதன் வழியே ஏறும். படகிலிருந்து ஹவுசிங்கோடு குதிப்பது இதைவிட மோசம். நீங்கள் முதலில் இறங்கி, பிறகு கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி கிரீஸ். அது அடைக்கும் பசை அல்ல. ரிங் பள்ளத்தில் வழுக்கி உட்காரவும், காய்ந்து முறுக்கிக்கொள்ளாமல் இருக்கவும் மட்டுமே அது. ஒரு அரிசியளவு எடுத்து விரலில் தேய்த்து, ரிங்கை விரல்களின் நடுவே உருவுங்கள். பளபளக்க வேண்டும், கட்டி தெரியக் கூடாது. அப்பி வைத்தால் மணலும் நூலும் வந்து ஒட்டும், ஒழுகாத ஹவுசிங்கும் ஒழுக ஆரம்பிக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நிதானியுங்கள். ரிங் நைட்ரைல் ரப்பராக இருந்தால் சிலிகோன் கிரீஸ் பொருந்தும். ரிங்கே சிலிகோன் ரப்பராக இருந்தால், பொதுவான சிலிகோன் கிரீஸ் அதற்குள் ஊறி ரிங்கை உப்பவைக்கும். உப்பிய ரிங் பள்ளத்தில் அடங்காமல் அலை அலையாய் எழும்பி நிற்கும். சிலர் அதை விரலால் அமுக்கி மூடிவிடுகிறார்கள், மூடியின் விளிம்பு அதைக் கடித்துவிடும். நிறத்தைப் பார்த்து ரப்பரைக் கண்டுபிடிக்க முடியாது, கறுப்பெல்லாம் நைட்ரைல் அல்ல. அந்த ஹவுசிங்கின் தயாரிப்பாளர் சொன்ன கிரீஸ் எதுவோ அதுதான். பழையதாக வாங்கியதால் டியூப் வந்திருக்காது, விற்றவர் ஏதோ ஒரு டியூபைத் திணித்திருப்பார். கையேட்டைத் தேடிப் பாருங்கள். முன்பே எதைத் தடவினார்கள் என்று தெரியாததால் புது ரிங் போட்டுவிடுவதே நல்லது.

அந்தப் புது ரிங் கிடைப்பதுதான் பாடு. வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் கையேட்டில் அச்சடிப்பார்கள். கேமரா மாடல் நின்றதும் ஹவுசிங் நிற்கும், அதோடு நாலு கிராம் ரப்பரும் நின்றுபோகும். உள்ளே நனைந்த கேமராவுக்குப் பொறுப்பில்லை என்ற வரி மட்டும் கையேட்டுக்குக் கையேடு தவறாமல் வரும். இந்த இடைவெளியில்தான், "அதே சைஸ் ரிங் இருக்கு சார்" என்று குழாய் ரிங்கை நீட்டுகிறவர்கள் பிழைக்கிறார்கள். விட்டம் ஒத்துப்போனால் போதாது, தடிமனும் ரப்பரின் மென்மையும் ஒத்துப்போக வேண்டும். வாங்காதீர்கள். "பிரஷர் டெஸ்ட் பண்ணியாச்சு" என்பதையும் அப்படியே விழுங்காதீர்கள். அது அந்த நாளுக்கும், அன்று மாட்டியிருந்த ரிங்குக்கும் மட்டுமே செல்லும். பட்டன்களை நீருக்குள் அழுத்திப் பார்த்தார்களா என்று கேளுங்கள், பேச்சு மாறும்.

சோதனையை நீங்களே செய்யலாம். ரிங்கைக் கழற்ற ஊசி, பின் எதுவும் வேண்டாம். இரண்டு விரலால் நெருக்கினால் ரிங்கின் ஒரு பகுதி வளைந்து மேலெழும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் அட்டையின் முனை போதும். நல்ல தண்ணீரில் அலசி, விரல்களுக்கிடையே மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பும் வெட்டு விரலுக்குத் தப்பாது. ஒரு பக்கம் தட்டையாகிப் போயிருந்தால் மாற்ற வேண்டியதுதான். பள்ளத்தை அட்டை முனையில் சுற்றிய, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் துடையுங்கள். பஞ்சுக் குச்சி நூல் விடும், தொடாதீர்கள். ஆல்கஹாலும் வேண்டாம், பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விடும்.

பிறகு கேமராவுக்குப் பதில் டிஷ்யூத் தாளை உள்ளே சுற்றுமுற்றும் படும்படி வைத்து மூடி, எடை கட்டி வாளியில் அமிழ்த்துங்கள். காலி ஹவுசிங் மிதக்கும். முதலில் எழும் சில குமிழிகள் வெளி இடுக்குகளில் இருந்த காற்று. ஒரே இடத்திலிருந்து விடாமல் கோர்வையாக வந்தால் உடனே வெளியே எடுங்கள். அரை மணி நேரம் வைத்து, ஒவ்வொரு பட்டனையும் நீருக்குள்ளேயே இருபது தடவை அழுத்துங்கள். எடுத்து நன்றாகத் துடைத்து, விளிம்பு நீர் வெளியே வடியும்படி மூடியைக் கீழ்நோக்கிச் சாய்த்துத் திறங்கள். வாளியில் தேறினால் அடுத்த டைவில் நீங்கள் வழக்கமாகப் போகும் ஆழம் வரை இப்படியே காலியாகக் கொண்டுபோங்கள். அதிலும் தாள் உலர்ந்திருந்தால் முன்பு வந்தது திறக்கும்போது சொட்டியதாகவோ, பழைய ரிங்கின் கோளாறாகவோ இருக்கலாம், எதுவானாலும் இனி கேமராவை வைக்கலாம்.

தாள் நனைந்திருந்தால் எங்கே என்று பாருங்கள். மூடியின் ஓரமாக என்றால் பெரிய ரிங். ஒரு பட்டனுக்கு நேர் கீழே என்றால் அதன் தண்டில் உள்ள குட்டி ரிங். உப்பு உறைந்து அதை அறுத்திருக்கும். அதை வீட்டில் பிரிக்காதீர்கள். நனைந்த தாளைப் படமெடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். மறுபடியும் கிரீஸ் தடவச் சொன்னால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.