அமெரிக்காவில் நீதிபதிகூட ஓட்டு கேட்டுத்தான் ஜெயிக்கணுமா?

எல்லா மாநிலத்திலும் இல்லை. டெக்சாஸில் ஆமாம். அங்கே மாவட்ட நீதிபதிக்கு நான்கு வருடப் பதவி. கட்சி சார்பில் நின்று, முதலில் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்கட்சித் தேர்தலிலும் பிறகு நவம்பர் பொதுத்தேர்தலிலும் ஜெயிக்க வேண்டும்.

எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் சுரேந்திரன் கே. பட்டேல். கேரளத்தின் காசர்கோட்டுக்காரர். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு அக்காவோடு உட்கார்ந்து பீடி சுற்றினார். பிறகு கல்லூரியில் சேர்ந்தும் பீடி வேலை விடவில்லை. வருகைப்பதிவு குறைந்ததால் தேர்வு எழுத விடமாட்டோம் என்றார்கள். ஒரு வாய்ப்பு கொடுங்கள் என்று ஆசிரியர்களிடம் கெஞ்சி எழுதினார். வகுப்பிலேயே முதலாவதாக வந்தார். கோழிக்கோட்டில் சட்டம் படித்தபோது ஓட்டலில் வேலை. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

2007-இல் செவிலியரான மனைவிக்கு வேலை கிடைத்து ஹூஸ்டன் போனார்கள். இவர் மளிகைக்கடையில் வேலை பார்த்தபடி டெக்சாஸ் வழக்கறிஞர் தேர்வை முதல் முயற்சியிலேயே தேறினார். 2017-இல் குடியுரிமை.

2020-இல் நீதிபதி பதவிக்குப் போட்டியிட்டு உள்கட்சித் தேர்தலிலேயே தோற்றார். 2022-இல் மறுபடி நின்றார். பிரசாரத்தில் அவருடைய ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்தார்கள். அதையும் தாங்கிக்கொண்டு, பதவியில் இருந்த நீதிபதியையே உள்கட்சித் தேர்தலில் வீழ்த்தி, நவம்பரிலும் ஜெயித்தார். 2023 ஜனவரியில் டெக்சாஸின் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்ற பகுதி) 240-ஆவது மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதியாகப் பதவியேற்றார்.

கட்சிச் சின்னத்தில் ஜெயித்தவர் நடுநிலையாக இருப்பாரா என்ற கேள்வி அங்கேயும் உண்டு. அந்தக் கவலை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் பீடி சுற்றிய ஒருவருக்கு அந்த நாற்காலியைத் திறந்துவிட்டதும் அதே வாக்குப்பெட்டிதான்.