வேலை முறைகள் அடிக்கடி மாறும் அலுவலகத்தில் புதிதாக அணித்தலைவராகியிருக்கிறேன். தலைமைத் திறனை எப்படி வளர்த்துக்கொள்வது?

நான் இந்தப் பொறுப்புக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் எங்கள் மென்பொருள் மூன்று முறை மாறிவிட்டது; அணியில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். ஒன்றை மட்டும் சொல் என்றால், கெட்ட செய்தி உங்களிடம் சீக்கிரம் வந்து சேரும்படி நடந்துகொள்ளப் பழகுங்கள் என்பேன்.

இது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. கணக்குச் சரிபார்க்கும் வேலையை முதன்முதலில் புதிய மென்பொருளுக்கு மாற்றியபோது, வாரந்தோறும் கூட்டம் போட்டு "ஏதாவது சிக்கல் உண்டா?" என்று கேட்பேன். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். ஏழாவது வாரம் ஒரு மாலையில், மறந்து வைத்த பையை எடுக்கத் திரும்பி வந்தேன். அணியிலேயே மூத்தவர், இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர், தனியாக உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் கையால் கணக்குப் போட்டு, அதை மென்பொருளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "இத்தனை வருடம் எல்லோரும் என்னிடம்தான் சந்தேகம் கேட்டார்கள். நான் யாரிடம் போய்க் கேட்பது?" என்றார்.

அந்தப் பதில் என்னை உலுக்கிவிட்டது. மனிதர்கள் எதிர்ப்பது மாற்றத்தை அல்ல, அதனால் தாங்கள் இழக்கப்போவதைத்தான் என்று ஹார்வர்டில் தலைமைப் பண்பு குறித்துக் கற்பித்த ரொனால்ட் ஹைஃபெட்ஸ் சொல்லியிருக்கிறார். எங்கள் மூத்தவர் இழந்தது ஒரு பழைய மென்பொருளை அல்ல, "தெரிந்தவர்" என்ற இடத்தை. நானோ, அனுபவசாலி, தானே பார்த்துக்கொள்வார் என்று விட்டிருந்தேன். ஒருவரை எந்த அளவுக்கு வழிநடத்த வேண்டும் என்பது ஆளைப் பொறுத்தது மட்டுமல்ல, கையிலிருக்கும் வேலையையும் பொறுத்தது என்று மேலாண்மை அறிஞர்கள் பால் ஹெர்சியும் கென் பிளான்சார்டும் எழுதியிருக்கிறார்கள். புதிய கருவியின் முன்னால் இருபது ஆண்டு அனுபவமும் முதல் நாள் ஊழியர்தான்.

அந்த நோட்டைப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. மென்பொருள் பின்னங்களை ஒவ்வொரு வரியிலும் முழு எண்ணாக்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இறுதி மொத்தத்தில் மட்டுமே அப்படிச் செய்வோம். சிறு சிறு வித்தியாசங்கள் ஏழு வாரங்களாகச் சேர்ந்திருந்தன. அவர் அதை இரண்டாவது வாரமே பார்த்துவிட்டார். தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்து, ஐந்து வாரம் மனதுக்குள்ளேயே வைத்திருந்தார்.

ஹார்வர்ட் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் அணிகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேடுகளில் இருந்ததோ நேர்மாறு. அந்த அணிகள் அதிகம் தவறு செய்யவில்லை; நடந்த தவறை மறைக்காமல் சொன்னார்கள், அவ்வளவுதான். இதிலிருந்து வளர்ந்த "உளவியல் பாதுகாப்பு", அதாவது தவறையோ சந்தேகத்தையோ பயமில்லாமல் சொல்லலாம் என்ற நம்பிக்கை, என்ற கருத்தை 1999-இல் கட்டுரையாக வெளியிட்டார். டொயோட்டா தொழிற்சாலைகளில் எந்தத் தொழிலாளியும் குறை கண்டவுடன் கயிற்றை இழுக்கலாம் என்றிருந்த ஏற்பாடும் இதே வகைதான். இழுத்தவுடன் குழுத்தலைவர் உதவிக்கு வந்து நிற்பார். அவர் முகம் சுளித்தால் மறுநாள் அந்தக் கயிற்றை யார் தொடுவார்கள்?

அதனால் முதலில் என் கேள்வியை மாற்றினேன். "சிக்கல் உண்டா?" என்றால் "இல்லை" என்று சொல்வது சுலபம். "இந்த வாரம் எந்த இடத்தில் அதிக நேரம் போனது?" என்று கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இணையவழிக் கூட்டங்களில் வீட்டிலிருந்து சேர்ந்தவர்களை முதலில் பேசச் சொல்கிறேன். யாராவது தவறைச் சொன்னால் "யார் செய்தது?" என்பதற்கு முன் "எப்போது கவனித்தீர்கள்?" என்று கேட்கிறேன். இந்த ஒரு பழக்கம் கைகூட எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. கோபம் சட்டென்று முகத்தில் தெரிந்துவிடும். எனக்கே தெரியாததைப் பூசி மெழுகாமல் "தெரியாது, வெள்ளிக்கிழமைக்குள் கேட்டுச் சொல்கிறேன்" என்கிறேன். வெள்ளிக்கிழமையும் விடை கிடைக்கவில்லை என்றால் அதையும் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

எல்லோருக்கும் தலையாட்டுவது என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்ட பிறகு முடிவெடுப்பது உங்கள் வேலைதான். யாருடைய யோசனையை ஏற்கவில்லையோ அவரிடம் நேரில் காரணத்தைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார். பயிற்சி வகுப்புகளுக்குப் போகலாம், தவறில்லை. ஆனால் உங்கள் அணியில் யார் அமைதியாகிவிட்டார் என்பதை எந்த வகுப்பும் உங்களுக்குச் சொல்லாது.

மூன்றாவது மென்பொருள் வந்த முதல் நாள் கூட்டத்தில் அந்த மூத்தவர்தான் முதலில் கை தூக்கினார். "இந்தப் பக்கம் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் நான்கு கைகள் உயர்ந்தன.